பள்ளிக்கூடத்தைக் கட்டும் சொற்கள்: மொழி, சமூக யதார்த்தம், கல்வி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழந்தை பள்ளிக்கு வராமல் போவதை "இடைநிற்றல்" என்று எழுதுகிறோம். கணக்கில் திணறும் சிறுவனைப் பற்றி "அவனுக்குக் கணக்கு வராது" என்கிறோம். ஆசிரியர் அறிவைப் "புகட்டுகிறார்" என்று விழா மேடையில் பேசுகிறோம். இவை வெறும் பேச்சு வழக்குகள்தாமா, அல்லது பள்ளியில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டா என்ற ஐயம் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கல்வியியல் பயில்வோருக்கும் அடிக்கடி எழுகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

மொழிதான் சமூக யதார்த்தத்தை உருவாக்குகிறது என்கிறார்கள். அப்படியானால் சொல்லாவிட்டால் எதுவுமே இல்லையா?

அது மிகையான கூற்று. யாரும் பெயர் வைக்காவிட்டாலும் மலை இருக்கும்; காய்ச்சலை எந்த மொழியில் சொன்னாலும் உடம்பு சுடும். ஆனால் "எட்டாம் வகுப்பு மாணவி", "தேர்ச்சி", "பட்டம்", "விடுமுறை நாள்" ஆகியவை மலையைப் போன்றவை அல்ல. பலர் ஒன்றுகூடி "இதை இதுவாகக் கொள்வோம்" என்று ஒப்புக்கொண்டிருப்பதால் மட்டுமே அவை இருக்கின்றன. அந்த ஒப்புதலை மொழியின்றிச் செய்யவோ நினைவில் வைக்கவோ இயலாது. தத்துவவாதி ஜான் சியர்ல் 1995இல் வெளியிட்ட நூலில் இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டினார். அவருக்கு முன்பே ஜே. எல். ஆஸ்டின், 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், சில வாக்கியங்கள் செய்தி சொல்வதில்லை, சொல்லும்போதே ஒரு செயலைச் செய்து முடிக்கின்றன என்பதை விளக்கியிருந்தார். "கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன்" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். தேர்வு முடிவுப் பட்டியலில் வரும் "தேர்ச்சி பெறவில்லை" என்பதும் அப்படிப்பட்டதே.

இரண்டு விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று தேர்ச்சிக் கோட்டில் நிற்கிறது, மற்றொன்று அதற்கு ஒரு மதிப்பெண் கீழே. ஒரு கணக்கில் ஒரு படியை எழுதாமல் விட்டதுதான் வேறுபாடு. அறிவின் அளவில் இருவருக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான இடைவெளி எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் அடுத்த வகுப்புக்குப் போகிறார், மற்றவர் அதே பெஞ்சில் உட்கார்கிறார். அந்த இடைவெளியை உண்டாக்கியது ஒரு சொல், அந்தச் சொல்லைப் பதிவு செய்யும் ஏடு, ஏட்டை மதிக்கும் ஊரார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் வலு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு மந்திர சக்தி இருப்பதாக நம்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இது உதவும்.

பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966இல் எழுதிய நூலின் மையக் கருத்தும் இங்கே பொருந்தும்: மனிதர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துகிறார்கள், அது அவர்களை விட்டு விலகித் தானாக நிற்பது போலத் தோன்றத் தொடங்குகிறது, அதற்குள் பிறக்கும் அடுத்த தலைமுறை அதை இயற்கை என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து அதை "வகுப்பு" என்று அழைப்பது யாரோ எடுத்த முடிவு என்பதே இன்று பலருக்குத் தோன்றாது. சமூகம் உண்டாக்கிய இத்தகைய கருத்துகளைத் தமிழில் "கற்பிதம்" என்கிறோம். "கற்பித்தல்" என்ற சொல்லுக்கு அது உறவு இல்லை. ஒன்று வடமொழியிலிருந்து வந்தது, மற்றொன்று "கல்" என்ற வினையில் பிறந்தது. ஆனாலும் பள்ளியைப் பற்றி யோசிக்கும்போது இவ்விரண்டு சொற்களும் அண்டை வீட்டுக்காரர்களைப் போல நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மொழி நம் சிந்தனையைச் சிறை வைக்கிறது என்பது உண்மையா?

சிறை என்பதற்குச் சான்று இல்லை; பழக்கம் என்பதற்குச் சான்று உண்டு. இந்தக் கருத்தோடு அதிகம் இணைத்துப் பேசப்படும் பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) தொழிலால் தீ விபத்துக் காப்பீட்டு ஆய்வாளர். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களின் அருகில் எச்சரிக்கையாக இருந்த தொழிலாளர்கள், "காலி" பீப்பாய்களின் அருகில் அலட்சியமாகப் புகைபிடித்ததை அவர் குறித்து வைத்தார். காலிப் பீப்பாயில் எஞ்சியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்தானது. "காலி" என்ற சொல் அவர்கள் கண்ணிலிருந்து ஆவியை மறைத்தது. யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அதாவது அவர்களால் யோசிக்க முடியாமல் போகவில்லை, யோசிக்கத் தோன்றாமல் போனது.

பின்னாளில் நடந்த சோதனைகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள் உண்டு. அவ்விரு சொற்களின் எல்லைக்கு இருபுறமும் உள்ள நீலங்களை ரஷ்ய மொழியினர் சற்று விரைவாகப் பிரித்தறிகிறார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே வேளையில் மனத்துக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தபோது அந்த விரைவு மறைந்துவிட்டது. மொழியின் பிடி அந்த அளவுக்குத்தான். பள்ளியைப் பொறுத்தவரை அதுவே போதுமான அளவு. ஏனென்றால் பள்ளியில் பெரும்பாலான முடிவுகள் யோசிக்கத் தோன்றாத நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

கல்வியைப் பற்றி நாம் பயன்படுத்தும் உருவகங்களில் அப்படி என்ன இருக்கிறது?

ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் முன்வைத்த கருத்து, உருவகம் கவிதைக்கான அணி மட்டுமன்று, அன்றாடச் சிந்தனையின் சட்டகமே அதுதான் என்பது. கல்வியில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. தமிழ்ச் சொற்களை எடுத்தாலே போதும்.

"அறிவு புகட்டுதல்", "ஊட்டுதல்" என்னும்போது மாணவர் வாய் திறந்து காத்திருக்கும் கைக்குழந்தை. "மண்டையில் ஏறவில்லை" என்னும்போது பாடம் ஒரு சரக்கு, தலை ஒரு வண்டி. "கற்றுக்கொடுத்தல்", "கற்றுக்கொள்ளுதல்" என்ற இணையில் கொடுக்கல் வாங்கல் இலக்கணத்திலேயே பதிந்துவிட்டது போலத் தெரிகிறது. "கொள்" அங்கே தனக்காகச் செய்வதைக் குறிக்கும் துணைவினைதான், கடைக்காரரிடம் வாங்குவதைக் குறிப்பதன்று. எனினும் ஒரு பக்கம் கொடுத்துவிட்டால் மறுபக்கம் கொண்டாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த இணை வழிவிடுகிறது. "நான் நடத்திவிட்டேன், அவர்கள்தான் படிக்கவில்லை" என்ற ஆசிரியர் அறைப் புலம்பல் அந்த எண்ணத்தின் நேரான விளைவு. விற்பனை நடக்காமலேயே விற்றுவிட்டேன் என்று எந்த வணிகராலும் சொல்ல முடியாது. கற்றல் நடக்காமலேயே கற்பித்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் நம் மொழி இடம் தருகிறது.

இதற்கு எதிரான உருவகமும் தமிழில் மிகப் பழையது. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவது போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்கிறது 396ஆம் குறள். அங்கே நீர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றப்படுவதில்லை, உள்ளேயே இருக்கிறது, உழைப்பு தோண்டுபவருடையது. "கல்லுதல்" என்பதற்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு என்பது அந்த உவமைக்குக் கூடுதல் சுவை.

பிற மொழிகளிலும் இதே போட்டி நடந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் கற்பித்தலை அச்சுக்கலையோடு ஒப்பிட்டார்: மாணவர் தாள், ஆசிரியரின் குரல் மை. ஃபிரெடரிக் ஃப்ரோபெல் 1840இல் தம் நிறுவனத்துக்கு "குழந்தைகளின் தோட்டம்" என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார்; தோட்டக்காரர் செடியை இழுத்து வளர்ப்பதில்லை என்ற கருத்தும் அந்தப் பெயரோடு வந்தது. பிரேசில் நாட்டின் பாவ்லோ ஃப்ரெய்ரே (1921–1997), மாணவரை வெற்றுக் கணக்காகவும் ஆசிரியரைப் பணம் செலுத்துபவராகவும் காணும் முறையை வங்கி முறைக் கல்வி என்று பெயரிட்டுச் சாடினார். ஃப்ரெய்ரேயின் விமர்சனம் இவ்வளவு பரவியதற்கு அவர் வைத்த பெயரே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு. அதுவரை "பாடம் நடத்துதல்" என்று இயல்பாகத் தோன்றிய ஒன்று, பெயர் கிடைத்ததும் பலவற்றுள் ஒரு முறையாகச் சுருங்கிவிட்டது.

எந்த உருவகம் சரியானது என்று கேட்டால், அன்னா ஸ்ஃபார்ட் 1998இல் எழுதிய கட்டுரையின் எச்சரிக்கையைத்தான் நினைவூட்ட வேண்டும். கற்றலை உடைமை சேர்ப்பதாகக் காணும் உருவகம், ஒரு குழுவின் செயலில் பங்கேற்பதாகக் காணும் உருவகம் என இரண்டை அவர் பிரித்து, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து என்றார். தோட்டத்துக்கும் ஒரு குறை உண்டு: செடி வாடினால் "விதை அப்படி" என்று தோட்டக்காரர் தப்பித்துக்கொள்ளலாம்.

"அவனுக்குக் கணக்கு வராது" என்பதில் என்ன தவறு? எல்லோரும் சொல்வதுதானே?

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அதில் எழுவாய் கணக்கு. சிறுவன் நான்காம் வேற்றுமையில், வாசலில் காத்திருப்பவனாக நிற்கிறான். கணக்கு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பசி, தூக்கம், கோபம் ஆகியவற்றுக்கு நாம் பயன்படுத்தும் அதே அமைப்பு இது: நம் விருப்பத்தைக் கேட்காமல் நம்மிடம் வந்து சேர்பவை.

இதில் ஒரு கருணை இருக்கிறது. "அவன் கணக்குப் போட மாட்டான்" என்பதைப் போல இது சிறுவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் அதே கருணை ஆசிரியரையும் பாடநூலையும் விடுவித்துவிடுகிறது. யாரும் எதுவும் செய்யவில்லை, கணக்குதான் வரவில்லை. வராத விருந்தாளிக்காக யாரும் ஏணி வைப்பதில்லை. இதற்கு மாறாக, "பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறான்" என்று ஒருவர் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு அடுத்த நாள் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையிடம் ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்து மடிக்கச் சொல்லலாம். விடை அரையை விடச் சிறியதாக இருப்பதை அவனே கண்டுகொள்வான். "கணக்கு வராது" என்ற வாக்கியத்திடமிருந்து அப்படி எந்த வேலையும் பிறப்பதில்லை.

"இடைநிற்றல்" என்ற சொல்லை ஏன் சிலர் எதிர்க்கிறார்கள்?

தமிழில் நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. இந்த ஓர் இணையில் ஒரு கொள்கை விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். தாய் நோயுற்றார், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை; மூன்று வாரம் போகவில்லை; திரும்பிப் போனபோது விட்டுப்போன பாடம் புரியவில்லை, தாமதத்துக்கு வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது; நான்காம் வாரம் போகவில்லை. இதை "பள்ளியை விட்டு நின்றாள்" என்று எழுதலாம். "வீட்டில் நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதலாம். "பள்ளியால் அவளைத் தக்கவைக்க முடியவில்லை" என்றும் எழுதலாம். மூன்றும் பொய் அல்ல. ஆனால் முதல் வாக்கியத்தில் செய்தவள் அவள், இரண்டாவதில் வீட்டார், மூன்றாவதில் பள்ளி. முதல் வாக்கியத்தைப் படிக்கும் அதிகாரி அவளுக்கு அறிவுரை கூற ஆள் அனுப்புவார்; இரண்டாவதைப் படிப்பவர் பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போடுவார்; மூன்றாவதைப் படிப்பவர்தான், நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்பார்.

"இடைநிற்றல்" என்ற தொழிற்பெயர் இம்மூன்றிலிருந்தும் ஒன்றைச் சத்தமில்லாமல் தேர்ந்தெடுக்கிறது. எழுவாயைச் சொல்லாமலேயே தன்வினையை வைத்துவிடுகிறது. படிவத்தில் "இடைநின்றதற்கான காரணம்" என்ற கட்டம் வந்தவுடன் விடைகளும் அதற்கேற்பவே அமைகின்றன: ஆர்வமின்மை, குடும்பச் சூழல், உடல்நலக் குறைவு. பள்ளியின் பெயரை எழுதக் கட்டமே இல்லை. ஆங்கிலத்திலும் இதே சண்டை உண்டு; டிராப் அவுட் என்ற சொல்லுக்கு எதிராகப் புஷ் அவுட் என்ற சொல்லைச் சிலர் முன்வைத்தனர், அதாவது விழுந்தவர் என்பதற்குப் பதிலாகத் தள்ளப்பட்டவர்.

என் கருத்தைக் கேட்டால், சொல்லை ஒழிப்பதை விடப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டுவது பயன் தரும்: "திரும்பி வருவதற்குப் பள்ளி என்ன செய்தது?" அந்தக் கட்டம் காலியாக இருந்தால் காலியாக இருப்பதாவது தெரியும்.

மக்கு, மெல்லக் கற்பவர் போன்ற பட்டங்கள் உண்மையிலேயே குழந்தையை மாற்றிவிடுமா?

சில சூழல்களில், ஓரளவுக்கு, ஆம். ஆனால் இதைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவோர் அதிகம்.

ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேகப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு எல்லோரும் அறிந்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களைக் குருட்டுவாக்கில் தேர்ந்தெடுத்து, "இவர்கள் இவ்வாண்டு வேகமாக முன்னேறப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் கூறினார்கள். ஆண்டு இறுதியில் அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களை விடக் கூடியிருந்தது. பலர் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். விளைவு தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில் மட்டுமே. பயன்படுத்திய தேர்வின் தரம் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. பின்னர் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்டீபன் ரௌடன்புஷ் 1984இல் ஒரு முக்கியமான கண்ணியைக் காட்டினார்: ஆசிரியருக்குப் பிள்ளைகளை முன்பே நன்றாகத் தெரிந்திருந்தால் வெளியிலிருந்து வந்த பட்டம் வேலை செய்வதில்லை. பழகிய கண்ணுக்கு முன் பட்டம் தோற்றுவிடுகிறது. புதிதாக வந்த ஆசிரியரிடம்தான் அது செல்லுபடியாகிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் "இந்த வகுப்பில் யார் யார் எப்படி" என்ற பேச்சை இதனால்தான் கவனமாகக் கையாள வேண்டும்.

பட்டங்களின் வரலாறும் அறியத் தக்கது. ஆல்ஃபிரட் பினே 1905இல் பிரான்சில் உருவாக்கிய தேர்வு, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்கானது. நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தை அவரே கண்டித்தார். அந்தத் தேர்வை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஹென்றி காடர்ட், 1910இல் கிரேக்கச் சொல்லிலிருந்து "மோரான்" என்ற சொல்லை உண்டாக்கினார். இடியட், இம்பெசைல், மோரான் ஆகிய மூன்றும் அன்று மனவயதைக் குறிக்கும் துறைச் சொற்கள். வசைகளாக எண்ணப்பட்டவை அல்ல. உதவிக்கான பட்டியல் ஒதுக்கலுக்கான பட்டியலாக மாறியதற்குச் சொல் மட்டும் காரணமன்று, அந்தச் சொல்லைக் கொண்டு செயல்பட்ட நிறுவனங்களே காரணம்.

தத்துவவாதி இயன் ஹேக்கிங் இதில் ஒரு நுட்பத்தைச் சுட்டினார். பாறைக்கு நாம் வைக்கும் பெயர் பாறைக்குத் தெரியாது. மனிதருக்கு வைக்கும் பெயர் அவர் காதில் விழுகிறது. அவர் அதற்கேற்ப நடக்கிறார் அல்லது அதை எதிர்த்து நடக்கிறார். அப்படி அவர் மாறியதும் பெயரின் பொருளும் மாறுகிறது. கடைசி பெஞ்ச் என்பது வெறும் இடமாகத் தொடங்கி ஒரு குணமாக மாறி, பிறகு சிலருக்குப் பெருமையாகவும் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுழற்சியை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் "நீ புத்திசாலி" என்று பாராட்டலாமா?

பாராட்டலாம், ஆனால் அதை விட நல்ல பாராட்டு உண்டு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட சோதனைகளில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எளிய பணியையே பெரிதும் விரும்பினர். ஒரு தோல்விக்குப் பின் விரைவில் தளர்ந்தனர். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வதும் அவர்களிடையே அதிகமாக இருந்தது. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமான பணியைத் தேர்ந்தெடுத்தனர். இந்தச் சிந்தனையிலிருந்து பிறந்த பயிற்சித் திட்டங்களைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தபோது பலன் சிறியதாகவே இருந்தது. எனவே சொல்லை மாற்றினால் மதிப்பெண் உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வகுப்பறைப் பேச்சில் மொழியின் இந்த வேலையை எங்கே காணலாம்?

ஆசிரியர் கேட்கிறார்: "தாவரம் உணவு தயாரிக்க என்ன தேவை?" ஒருவர் சொல்கிறார்: "சூரிய ஒளி." ஆசிரியர்: "சரி. உட்கார்." கேள்வி, விடை, தீர்ப்பு என்ற இந்த மூன்றடிப் பேச்சை 1970களில் ஆய்வாளர்கள் வகுப்பறைக்கே உரிய அமைப்பாக அடையாளம் கண்டனர். வீதியில் உங்களிடம் மணி கேட்பவர், நீங்கள் சொன்னதும் "சரியான விடை" என்று சொல்வதில்லை. விடை தெரிந்த ஒருவரே கேள்வி கேட்கும் விசித்திரம் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் வினாடி வினாவிலும்தான் நடக்கிறது. அறிவு என்பது ஏற்கெனவே ஒருவரிடம் இருப்பது, கேள்வி என்பது சோதனை, பேச்சு என்பது தீர்ப்புக்கு உட்பட்டது: பாடத்தில் எழுதப்படாத இம்மூன்றையும் பிள்ளை ஒரு நாளில் பலமுறை கற்கிறது.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாகப் பேசுவோர் கூடினர், "தெரியாது" என்ற விடை குறைந்தது. மௌனமும் மொழியின் பகுதிதான் என்பதற்கு இதை விட மலிவான செய்முறை கிடையாது. நாளை காலையே யாரும் செய்து பார்க்கலாம்.

வீட்டில் பேசும் மொழி பள்ளி மொழியிலிருந்து வேறுபட்டால் சிந்தனை குறைபடுமா?

குறைபடாது. ஆனால் குறைபட்டதாகத் தோன்றும், அந்தத் தோற்றமே கேடு செய்யும்.

1960களில் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன், உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் சூழலைச் சார்ந்த சுருக்கமான பேச்சு முறையையே பெரிதும் கையாள்கிறார்கள் என்றும், பள்ளி எதிர்பார்ப்பது எல்லாவற்றையும் விரித்துச் சொல்லும் முறை என்றும் எழுதினார். "அந்தப் பிள்ளைகளுக்கு மொழியே இல்லை" என்று பலர் அதைப் பொருள் கொண்டுவிட்டார்கள். அது தாம் சொன்னதன்று என்று அவர் வாழ்நாள் முழுவதும் விளக்க வேண்டியிருந்தது.

மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் வெளியிட்ட கட்டுரை அந்தத் தவறான வாசிப்பை உடைத்தது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவரும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர், ஆனாலும் பயனில்லை. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு வறுவலோடும் சிறுவனின் நெருங்கிய நண்பனோடும் வந்து, தரையில் உட்கார்ந்து, பெரியவர்கள் முன் பேசக்கூடாத சொற்களைத் தாமே பேசிக் காட்டினார். இரண்டு சிறுவர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். முதல் நேர்காணலின் மதிப்பெண் அளந்தது அவன் மொழியை அன்று. ஓர் அந்நியப் பெரியவருக்கு முன் எதைச் சொன்னாலும் அது தனக்கு எதிராகத் திரும்பும் என்ற அவனுடைய சரியான கணிப்பை அளந்தது.

தாய்மொழி வழிக் கல்விக்கு ஆதரவாக யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை 1953ஆம் ஆண்டினது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழிகளில், தாய்மொழி வழியிலேயே படிக்கும் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் பாதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் "வந்துட்டாங்க" என்று சொல்லும் குழந்தையிடம், "வந்துவிட்டார்கள்" என்பதை இன்னொரு வழக்கு என்று அறிமுகப்படுத்தலாம், அல்லது "ஒழுங்காகப் பேசு" என்று சொல்லலாம். இரண்டாவது வாக்கியம் குழந்தையின் வீட்டையே ஒழுங்கற்றதாக்குகிறது.

"கல்வி" என்பதற்குப் பதில் எங்கும் "கற்றல்" என்றே எழுதுகிறார்களே, அதில் என்ன மாற்றம்?

கற்றல் என்றால் மாணவரை மையப்படுத்துவது போல இருக்கிறது. அதனால் அந்தச் சொல் எளிதில் பரவியது. கெர்ட் பியஸ்டா என்ற கல்வித் தத்துவவாதி இதில் ஒரு இழப்பைக் காண்கிறார். கல்வி என்றதும் எதற்காக, யாரிடமிருந்து, எதை என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. கற்றல் என்பது நோக்கத்தைச் சொல்லாத சொல். எதையும் கற்கலாம், திருடவும் கற்கலாம். நோக்கம் பற்றிய வாதம் மறைந்து, "விளைவு" பற்றிய அளவீடு அதன் இடத்தில் அமர்கிறது.

"மூலதனம்", "வளம்" ஆகிய சொற்கள் இன்னொரு வழியில் நுழைந்தவை. தியோடர் ஷுல்ட்ஸ் 1961இல் மனித மூலதனத்தில் முதலீடு என்ற கருத்தைப் பொருளாதாரத் துறையில் முன்வைத்தார். கேரி பெக்கர் 1964இல் அதை விரிவாக்கினார். பள்ளிக்குச் செலவிடுவது வீண் செலவன்று என்று நிதித் துறையினரை நம்ப வைக்க அந்தச் சொல் உதவியது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் முதலீடு என்ற சொல் வருவாயையும் கூடவே அழைத்து வரும். வருவாய் தராத பாடம், வருவாய் தராத பிள்ளை என்ற எண்ணங்களும் அதே வாசலில் நுழையும். இந்தியாவின் கல்வி அமைச்சகம் 1985இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் மாறி, 2020இல் மீண்டும் கல்வி அமைச்சகம் ஆனது. பெயர்ப்பலகை மாறிய அன்று எந்த வகுப்பறையிலும் எதுவும் மாறவில்லை என்று சிலர் கேலி செய்தார்கள். கேலி நியாயமானதே. எனினும் அடுத்த கேள்விக்கு அதுதான் தொடக்கம்.

சொற்களை மாற்றினால் நிலைமை மாறிவிடுமா?

சொல்லோடு சேர்ந்து வேலை செய்யும் ஏடும் வழக்கமும் மாறாவிட்டால் மாறாது. பழைய மதிப்பீடு புதிய சொல்லுக்குக் குடிபெயர்ந்துவிடும். "மெல்லக் கற்பவர்" என்பது "மக்கு" என்பதற்கு மாற்றாக வந்த மரியாதையான சொல். அந்தப் பிரிவில் உள்ள பிள்ளைகளைத் தனி அறையில் உட்கார வைத்த இரண்டாவது மாதமே, விளையாட்டு மைதானத்தில் அந்தச் சொல் வசையாகிவிடும். மூன்றாவதாக ஒரு சொல் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் சொல் மாற்றம் செயல் மாற்றத்துக்கு வழி திறந்த இடங்களும் உண்டு. ஃப்ரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றார். அவருடைய முறையில் முதலில் தேடப்பட்டவை அந்த மக்களின் வாழ்க்கையில் கனமுள்ள சொற்கள். செங்கல் போன்ற ஒரு சொல்லை எடுத்து, அதன் அசைகளைப் பிரித்து, புதிய சொற்களைக் கட்டுவதோடு, யார் செங்கல் அறுக்கிறார், யார் வீட்டில் வசிக்கிறார் என்ற பேச்சும் தொடங்கும். அன்று அந்நாட்டில் எழுத்தறிவற்றவர்களுக்கு வாக்குரிமை இல்லை. படிக்கத் தெரிவதே வாக்காளராகும் வழி. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தது. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவரைக் கண்டு ஆட்சியாளர்கள் அஞ்சியதற்குக் காரணம், அங்கே சொல்லோடு வாக்குச்சீட்டும் இணைந்திருந்ததுதான்.

பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் ஒரு வரிதான் எழுத இடம் இருக்கிறது. என்ன எழுதுவது?

பெயரடையைத் தவிர்த்து வினையை எழுதுங்கள். "சுமாரான மாணவர்", "கவனம் போதாது", "இன்னும் முயல வேண்டும்" ஆகிய மூன்றும் எந்தப் பிள்ளைக்கும் எந்த ஆண்டிலும் பொருந்தும். அதனாலேயே அவை எந்தப் பிள்ளையையும் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. "கதையை வாய்மொழியாகக் கோவையாகச் சொல்கிறாள், எழுதும்போது நடுவில் நிகழ்ச்சிகளை விட்டுவிடுகிறாள்" என்பது ஒரே வரிதான், ஆனால் அதைப் படிக்கும் தாய் இன்றிரவு மகளிடம் கதை கேட்கலாம், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர் எழுதுவதற்கு முன் அவளைச் சொல்ல வைக்கலாம். எழுத நேரமில்லை என்பது உண்மையான தடை; நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது வரி எழுதுவது ஒரே மாலையில் நடக்காது. வாரத்துக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் பத்து வாரத்தில் முடியும். அந்த வாரங்களில் அந்த நான்கு பேரையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.